பிரகலாத் கேட்ட ஒரே கேள்வி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் எங்கள் குடும்பம் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்தை நடத்துகிறது. அப்பாவுக்குத் துணையாக உற்பத்தியையும் வங்கி வேலைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வார இறுதிகளில் எம்பிஏ படிக்கிறேன். சென்ற பருவத் தேர்வில் சி.கே. பிரகலாத் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. ‘கோர் காம்பிடென்ஸ்’ என்பதற்கான வரையறையை மனப்பாடமாக எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அவர் யார், எந்தச் சூழலில், எதற்காக அதைச் சொன்னார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தமிழில் தேடினேன். கோவையில் பிறந்தவர், உலகின் முதல்நிலை நிர்வாகச் சிந்தனையாளர் என்ற புகழ்ச்சிதான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

எங்கள் பேராசிரியர், “ஏழைகளிடம் ஷாம்பு பாக்கெட் விற்கப் பன்னாட்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டியவர், அவ்வளவுதான்” என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டார். நிர்வாகத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவோ அவரை ஏழைகளுக்காகச் சிந்தித்த மகான் என்கிறார். இதில் எதை நம்புவது? அமெரிக்கப் பெருநிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்ன ஒருவரின் எழுத்து, நாற்பது தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்துக்குத் திணறும் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது பயன்படுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருப்பூர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேராசிரியர் சொன்னதற்கும் பெரியப்பா சொன்னதற்கும் ஆதாரம் உண்டு. இருவரும் ஒரே புத்தகத்தை வைத்துப் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ‘பிரமிடின் அடித்தளத்தில் இருக்கும் செல்வம்’ என்ற பொருள்படும் தலைப்புடன் அந்தப் புத்தகம் 2004இல் வெளிவந்தபோது பிரகலாத் அறுபது வயதைக் கடந்திருந்தார். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு உழைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த நூலைப் படித்தால், அவர் வியாபாரியாகவோ மகானாகவோதான் தெரிவார்.

அவர் எழுதியவற்றைக் கால வரிசையில் படித்தால் வேறொருவர் தென்படுகிறார். கெட்டிக்காரர்களான நிர்வாகிகள், எல்லாத் தகவலும் கையில் இருந்தும், கண்ணெதிரே இருப்பதை ஏன் காணத் தவறுகிறார்கள்? இந்த ஒரே கேள்வியைத்தான் அவர் வெவ்வேறு இடங்களில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழைகளைப் பற்றி எழுதியபோதும் கேட்டது இதைத்தான். அவருடைய பலமும் அவர் சறுக்கிய இடமும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கிருஷ்ணராவ் பிரகலாத் 1941 ஆகஸ்ட் 8 அன்று கோவையில் பிறந்தார். பெயரின் முதல் எழுத்திலேயே ஊரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியவர். தந்தை நீதிபதி, சம்ஸ்கிருத அறிஞர். பெரிய குடும்பம். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்ததும், பத்தொன்பது வயதில், சென்னையில் இருந்த யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நான்கு ஆண்டுகள். தன் வாழ்க்கையின் திருப்புமுனை அதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை நான் முழுமையாக நம்புகிறேன். நிர்வாகத்தைப் பற்றி ஒரு புத்தகமும் படிப்பதற்கு முன்பே தொழிற்சாலைத் தளத்தைப் பார்த்தவர் அவர். மேலிருந்து வரும் உத்தரவு கீழே போய்ச் சேரும்போது என்னவாகிறது என்பதை அங்கே கற்றவர்கள் எளிதில் மறப்பதில்லை.

1964இல் அகமதாபாத் ஐஐஎம் தன் முதல் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 1966இல் படித்து வெளியேறிய அந்த முதல் அணியில் பிரகலாத் ஒருவர். பிறகு ஹார்வர்டு. பன்னாட்டு நிறுவனங்களின் நிர்வாகம் குறித்த முனைவர் ஆய்வை இரண்டரை ஆண்டுகளில் எழுதி முடித்து 1975இல் பட்டம் பெற்றார். இந்தியா திரும்பி அகமதாபாத்தில் கற்பித்தார். 1977இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆன் ஆர்பர் என்ற அந்தச் சிறிய பல்கலைக்கழக நகரம்தான் கடைசிவரை அவருடைய கல்விப் பணியின் களமாக இருந்தது. 2009இல் பத்மபூஷண் விருது. 2010 ஏப்ரல் 16 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 68 வயதில் மறைந்தார். 2007, 2009 என இரண்டு முறை உலக நிர்வாகச் சிந்தனையாளர் பட்டியலில் முதலிடம் பெற்றார். நம் பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. பட்டியலில் ஒருவர் எந்த இடத்தில் இருந்தார் என்பதை வைத்து அவருடைய சிந்தனையைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அவர் எழுதியவற்றில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1986இல் ரிச்சர்ட் பெட்டிஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை. உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்க வாய்ப்பு குறைவு. பல தொழில்களில் கால் வைத்த நிறுவனங்கள் சில ஏன் செழிக்கின்றன, சில ஏன் தடுமாறுகின்றன என்று அன்றைய ஆய்வாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தொழில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு தொடர்புடையவை என்பதில்தான் பெரும்பாலோர் விடையைத் தேடினார்கள். பிரகலாதும் பெட்டிஸும் பார்வையைத் தொழில்களிலிருந்து தொழிலை நடத்துபவர்களின் மனத்துக்குத் திருப்பினார்கள். ஒரு தொழிலில் வென்ற நிர்வாகக் குழுவின் மனத்தில் ஒரு தர்க்கம் ஊறிவிடுகிறது. எந்தத் தகவல் முக்கியம், எதை அளக்க வேண்டும், யாரை உயர்த்த வேண்டும், எங்கே பணம் போட வேண்டும் என்பதையெல்லாம் அந்தத் தர்க்கமே தீர்மானிக்கிறது. புதிய தொழிலுக்குள் நுழையும்போதும் அதே கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்கள். பழைய தர்க்கம் வெற்றி தந்த ஒன்று என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

உங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதியில் வளர்ந்த ஒரு நிறுவனம், ஆர்டர் கையில் வந்த பிறகுதான் நூல் வாங்கும். விற்காத சரக்கு என்பது அதற்கு ஏறக்குறைய அறிமுகமில்லாத விஷயம். தரச் சோதனை, கப்பல் ஏற்றும் தேதி, ஒரு துண்டுக்கு ஆகும் செலவு ஆகியவை அதன் கண்கள். அதே நிறுவனம் சொந்தப் பெயரில் உள்நாட்டுச் சந்தைக்கு வருகிறது. இங்கே யாரும் ஆர்டர் தருவதில்லை. என்ன அளவு, என்ன நிறம் போகும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். கடைகளுக்குக் கடன் கொடுக்க வேண்டும், திரும்பி வரும் சரக்கை ஏற்க வேண்டும். ஒரு துண்டுக்கான தையல் செலவில் பைசாவைக் குறைத்துவிட்டு, விற்காத சரக்கில் அதைப்போலப் பல மடங்கை இழப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உழைப்பிலும் குறைவில்லை, புத்தியிலும் குறைவில்லை. எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதைப் பழைய தொழில் அவர்களுக்காக முடிவு செய்துவைத்திருக்கிறது.

ஐந்து குரங்குகள், ஏணி, வாழைப்பழம், குளிர்ந்த நீர் என்று ஒரு கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏணியில் ஏறிய குரங்குகள் மேல் குளிர்ந்த நீர் கொட்டுகிறது, பழைய குரங்குகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும், நீரே படாத புதிய குரங்குகள் காரணம் தெரியாமல் ஏற மறுக்கின்றன என்று போகும் கதை அது. ஊக்கப் பேச்சாளர்கள் அதை அறிவியல் பரிசோதனை என்றே சொல்கிறார்கள். அது பரவியதில், பிரகலாதும் கேரி ஹேமலும் சேர்ந்து 1994இல் எழுதிய நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வடிவில் அப்படியொரு பரிசோதனை நடந்ததற்குச் சான்று கிடையாது. கதையாக எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் அவர்கள் ஏன் அந்தக் கதையைத் தேர்ந்தார்கள் என்பது 1986ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தவர்களுக்கு உடனே புரியும்.

இனி நீங்கள் தேர்வில் எழுதிய விடைக்கு வருவோம். 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் பிரகலாதும் ஹேமலும் எழுதிய கட்டுரை அது. ‘கோர் காம்பிடென்ஸ்’ எனப்படும் ஆதாரத் திறன் பல சந்தைகளுக்குள் நுழைய வழி தர வேண்டும், வாடிக்கையாளர் உணரும் பயனுக்குப் பெரிய பங்களிக்க வேண்டும், போட்டியாளர் எளிதில் நகலெடுக்க முடியாததாக இருக்க வேண்டும் என்ற மூன்று சோதனைகளையும் எழுதியிருப்பீர்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கட்டுரையின் கோபம் உங்கள் பாடநூலில் இடம்பெற்றிருக்காது.

கட்டுரை ஜிடிஇ என்ற அமெரிக்க நிறுவனத்தையும் என்ஈசி என்ற ஜப்பானிய நிறுவனத்தையும் ஒப்பிட்டுத் தொடங்குகிறது. 1980இல் ஜிடிஇயின் விற்பனை 998 கோடி டாலர், என்ஈசியின் விற்பனை 380 கோடி டாலர். 1988இல் ஜிடிஇ 1,646 கோடி, என்ஈசி 2,189 கோடி. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நடந்தது என்ன? என்ஈசி தன்னைத் திறன்களின் தொகுப்பாகப் பார்த்தது, ஜிடிஇ தன்னைத் தனித்தனி வணிகப் பிரிவுகளின் தொகுப்பாகப் பார்த்தது என்கிறார்கள். அவர்கள் தந்த மர உருவகம் புகழ்பெற்றது: வேர் ஆதாரத் திறன், தண்டு அடிப்படைப் பொருள்கள், கிளைகள் வணிகப் பிரிவுகள், இலையும் பூவும் கனியும் வாடிக்கையாளர் கையில் வாங்கும் பொருள்கள். இலையை மட்டும் பார்த்துப் போட்டியாளரின் பலத்தை அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இதுவரை பாடநூலில் இருக்கும். கட்டுரையின் பிற்பகுதியில்தான் அவர்கள் அமெரிக்க நிறுவன அமைப்பையே கடுமையாகச் சாடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தன்னிடம் இருக்கும் திறமைசாலிகளைத் தன் சொந்தச் சொத்தாக நினைக்கிறார். வேறு பிரிவுக்கு அவர்கள் தேவைப்பட்டால் ஒளித்துவைக்கிறார். காலாண்டு லாபத்தை வைத்தே அவர் அளக்கப்படுவதால், அப்படிச் செய்வதுதான் அவருக்கு லாபம். இப்படிச் சிறைப்பட்டுப்போன மனிதர்களைப் பற்றிய கட்டுரை அது. “நாம் எதில் கெட்டிக்காரர்கள்?” என்று கூடி உட்கார்ந்து பெருமைப் பட்டியல் தயாரிக்கும் பயிற்சியாக அதை ஆக்கிவிட்டது பின்னால் வந்த ஆலோசகர் கூட்டம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தத் திறமை யாருடையது, அதை யார் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் மூலக் கட்டுரை கேட்ட கேள்வி. சென்னைத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் நின்றவரின் கேள்வியாகவே அது எனக்குக் கேட்கிறது.

அந்தக் கட்டுரையின் தீர்ப்புகளைக் காலம் அப்படியே காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்ஈசி பின்னாளில் தளர்ந்தது. ஜிடிஇயோ 2000இல் பெல் அட்லான்டிக்குடன் இணைந்து வெரைசன் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஆனது. வென்றவரை முன்னால் நிறுத்தி, வெற்றிக்குக் காரணம் இதுதான் என்று பின்னோக்கிச் சொல்லும் முறையில் உள்ள ஆபத்து இது. நிர்வாகவியல் எழுத்தில் பெரும்பகுதிக்கு இந்த நோய் உண்டு. பிரகலாதும் அதற்கு விலக்கல்ல.

அறைக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் அல்ல அவர். 1990களின் தொடக்கத்தில், மூழ்கும் நிலையில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் மறுசீரமைப்புக்கு ஆலோசகராக இருந்தார். பின்னர் சான் டியாகோவில் ‘பிரஜா’ என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவராகித் தலைமையும் ஏற்றார். இணையத் தொழிலின் வீக்கம் வெடித்த காலம் அது. ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது, 2002இல் நிறுவனம் கைமாறியது. உலகமே கேட்கும் உத்தி ஆலோசகர், தன் சொந்த நிறுவனத்தை நிலைநிறுத்த முடியவில்லை என்று சிலர் இதைக் கேலியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசிரியர் நாற்காலியின் பாதுகாப்பை விட்டு இறங்கி, சம்பளம் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற கல்வியாளர்கள் மிகக் குறைவு. மாதச் சம்பளத்துக்குத் திணறுவதைப் பற்றி எழுதிய உங்களுக்கு இது புரியும்.

இப்போது உங்கள் பேராசிரியரும் பெரியப்பாவும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், உலகின் பரம ஏழைகளுக்காக நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி தன்னை அரிக்கத் தொடங்கியது என்று 2004ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முன்னுரையில் பிரகலாத் எழுதுகிறார். ஸ்டூவர்ட் ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரையை எந்த ஆய்விதழும் ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அது கையெழுத்துப் படியாகவே சுற்றியது. 2002இல்தான் அச்சேறியது. அப்போது அவர் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர். பழைய புகழின் வட்டியில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். தன் துறை பொருட்படுத்தாத ஒரு விஷயத்துக்காக அந்த வயதில் மீண்டும் கதவு தட்டினார் என்பதை அவரை விமர்சிப்பவர்களும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நூலின் முதல் வாதம் இன்றும் உறுதியாக நிற்கிறது. ஏழை எல்லாவற்றுக்கும் அதிக விலை கொடுக்கிறான். மும்பையின் தாராவியையும் வசதியானவர்கள் வாழும் வார்டன் சாலையையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தருகிறார். தாராவியில் தண்ணீருக்கு 37 மடங்கு விலை. வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு. அரிசிக்குக்கூட 1.2 மடங்கு. கடனுக்கு வார்டன் சாலைக்காரர் ஆண்டுக்கு 12 முதல் 18 சதவீதம் வட்டி கட்டும்போது, தாராவிவாசி 600 முதல் 1000 சதவீதம் கட்டுகிறார். ஏழையிடம் பணமில்லை, அதனால் அவன் சந்தையே இல்லை என்று நிர்வாகிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவனிடமிருந்து பணம் ஏற்கெனவே உறிஞ்சப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை அந்த அட்டவணை காட்டியது. ஊறிப்போன தர்க்கம் மறைத்ததை எண்களால் வெளியே கொண்டுவந்தார். பிரகலாத் தன் முழு உயரத்தில் நிற்பது இங்கேதான்.

இதிலிருந்து அவர் அடுத்த அடி வைத்த இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. வருமானப் பிரமிடின் அடித்தளத்தில் இருக்கும் உலகின் நானூறு கோடி ஏழைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் பொருள்களை விற்கட்டும், நிறுவனத்துக்கு லாபம், ஏழைக்கு விடுதலை என்றார். அவர் பணியாற்றிய அதே மிச்சிகன் வணிகப் பள்ளியின் பேராசிரியர் அனீல் கர்னானி, 2007இல் இதைக் கானல் நீர் என்று தலைப்பிலேயே சொல்லி மறுத்தார். சந்தையின் அளவு பெரிதாக ஊதிக்காட்டப்பட்டிருக்கிறது, ஏழைக்கு முதல் தேவை வருமானம், ஆகவே அவனை நுகர்வோனாகப் பார்ப்பதைவிட உற்பத்தியாளனாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சிறு பாக்கெட் என்பது ஒரு வசதி, கையில் காசு உள்ள அன்று வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பொட்டலத்தைச் சிறிதாக்கிவிட்டதால் மட்டும் பொருளின் உண்மை விலை குறைந்துவிடாது என்றார். நான் கர்னானியின் பக்கம் சாய்கிறேன். 2004இல் ஆலன் ஹாமண்டுடன் பிரகலாத் எழுதிய ஒரு கட்டுரையில், சிவப்பழகு க்ரீம் வாங்கும் ஏழைப் பெண் தனக்கும் தேர்வு இருக்கிறது என்று உணர்ந்து தன்மதிப்பு பெறுவதாக ஒரு பகுதி வரும். கறுப்பு நிறத்தைக் குறையென்று விளம்பரம் செய்து விற்கும் பொருளை விடுதலையின் சான்றாகக் காட்டியதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. தமிழ்ப் பெண்களிடம் அந்த விளம்பரங்கள் எத்தனை தலைமுறைக்கு என்ன செய்தன என்பது நமக்குத் தெரியும்.

ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரிய சந்தையாக மாற்றியவர்களில் முன்னோடிகள் கடலூரில் சிறிய முதலீட்டில் தொடங்கியவர்கள். பன்னாட்டு நிறுவனங்கள் அவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தன. அப்படியிருக்க, ஏழைகளுக்கான புதுமையின் எந்திரமாகப் பெருநிறுவனத்தையே பிரகலாத் ஏன் முன்னிறுத்தினார்? வாழ்நாளெல்லாம் அவர் அமர்ந்திருந்தது பெருநிறுவனங்களின் ஆலோசனைக் கூடங்களில். 1986இல் அவரே விவரித்த அந்த ஊறிப்போன தர்க்கம் அவரிடமும் வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இதைச் சொல்வதற்கான கருவியையும் அவரே நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

உங்கள் பேராசிரியர் அந்த இடத்தோடு நூலை மூடிவிட்டார் என்று தோன்றுகிறது. அதே நூலில்தான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை வருகிறது.

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் அதைத் தொடங்கினார். இளம் வயதில் தாக்கிய முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஓர் அறுவை மருத்துவர் அவர். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் இந்தியாவில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அறுவை செய்தால் பார்வை திரும்பும், ஆனால் மருத்துவர்கள் போதாது, நோயாளியிடம் பணமும் இல்லை. அரவிந்த் இதற்குக் கண்டுபிடித்த வழியில் மாயம் எதுவும் கிடையாது, வேலையின் அமைப்பு மட்டுமே உண்டு. ஓர் அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை முடியும்போது அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார், மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். நோயாளியைத் தயார்செய்தல், சோதனைகள், அறுவைக்குப் பின் கவனிப்பு ஆகியவற்றை, கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவரின் நேரம் அறுவைக்கு மட்டுமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகளை ஒரே மருத்துவரால் செய்ய முடிந்தது. இது நாட்டின் சராசரியைப் போலப் பல மடங்கு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் எட்டாத விலையாக இருந்தது. 1992இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள், விலை சில டாலர்களுக்கு இறங்கியது. ஏழை என்று யாரும் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. கட்டணம் கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களின் அறுவையும் நடந்தது.

அரவிந்தைப் பிரகலாத்தான் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. ஹார்வர்டில் கஸ்தூரி ரங்கன் 1993இலேயே அதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதி வகுப்பறைகளுக்குக் கொண்டுபோயிருந்தார். பிரகலாத் செய்தது வேறு. மதுரையில் நடப்பதைத் தொண்டு என்று பாராட்டி ஓரம் வைத்துக்கொண்டிருந்தவர்களிடம், இது உலகத் தரமான நிர்வாகக் கண்டுபிடிப்பு, பணக்கார நாடுகள் இங்கே வந்து கற்க வேண்டும் என்றார். 2006இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஆகும் செலவோடு லாபத்தைச் சேர்த்து விலை வைப்பது வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். மக்களால் கொடுக்க முடிந்த விலையை முதலில் முடிவு செய்யுங்கள், லாபத்தைக் கழியுங்கள், மிஞ்சுவதுதான் நீங்கள் செலவழிக்கலாம். தரத்திலும் கைவைக்கக் கூடாது. இந்த வேலிகளுக்குள் நின்று யோசிக்கும்போதுதான் பழைய முறை உடைந்து புதியது பிறக்கும் என்றார். அவர் பெயர் நிலைக்க வேண்டுமானால் இதற்காக நிலைக்க வேண்டும்.

தலைமையைப் பற்றி அவர் தனியாக அதிகம் எழுதவில்லை. ஆனால் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2010 ஜனவரியில், ஒரு பக்கக் கட்டுரை வந்தது. 33 ஆண்டுகளாகத் தன் எம்பிஏ வகுப்பின் இறுதியில் மாணவர்களிடம் சொல்லிவந்ததை அதில் எழுதினார். சமூகத்தின் ஆற்றல்மிக்க நிறுவனங்களின் காவலர்கள் நிர்வாகிகள், ஆகவே தங்களுக்கு உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும், தாங்கள் வாய்ப்புப் பெற்ற சிலரில் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது, வழக்கத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கத் தெரிய வேண்டும் என்கிறார். ஏழைகளிடம் விற்கச் சொன்னவர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும்.

இனி நாற்பது தையல் இயந்திரங்களின் கேள்வி. உங்களுக்கு விலையை வைப்பவர் வெளிநாட்டு பையர். எனவே விலையிலிருந்து லாபத்தைக் கழித்துச் செலவுக்கு வரும் கணக்கு உங்களுக்குப் புதிதாக இருக்காது, தினமும் அதில்தான் வாழ்கிறீர்கள். ஆனால் அந்தக் கணக்கை யாருடைய தலையில் இறக்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். தையல்காரரின் பீஸ் ரேட்டைக் குறைத்தும் அந்தக் கணக்கை நேர்செய்யலாம். அரவிந்தில் நடந்தது அதுவல்ல. அங்கே வேலை ஓடும் வழியே மாற்றப்பட்டது. உங்கள் தளத்தில் துணிக்காகவும் பட்டனுக்காகவும் இயந்திரங்கள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கின்றன என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? கூலிக் கணக்கு மட்டும் பைசா சுத்தமாக எழுதப்பட்டு, இது எங்கும் எழுதப்படாமல் இருந்தால், உங்கள் நிறுவனத்தின் ஊறிப்போன தர்க்கம் எது என்று தெரிந்துவிடும்.

திறன் என்பது எங்கே உருவாகும் என்பதற்கும் உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலே முடிந்தது என்றார்கள். அந்தக் காலத்தின் வலி உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டுதான் பட்டறைகள் மீண்டும் ஓடின. இன்று சுற்றுச்சூழல் கேள்விகளோடு வரும் பையரிடம் திருப்பூர் காட்ட முடிகிற பலங்களில் அது ஒன்று. சுற்றுச்சூழல் விதிகளைச் சுமையாகப் பார்க்காமல் முந்திக்கொண்டு ஏற்பவர்கள் புதுமையிலும் முந்துவார்கள் என்று 2009இல் ராம் நிடுமோலு, எம்.ஆர். ரங்கசாமி ஆகியோருடன் பிரகலாத் எழுதியிருந்தார். திருப்பூர் முந்திக்கொள்ளவில்லை, நீதிமன்றம் தள்ளியது. ஆனாலும் கற்றது கற்றதுதான். அந்த அறிவு இப்போது உங்கள் சாயப்பட்டறைக்காரரிடம் இருக்கிறது. அதை உங்கள் நிறுவனத்தின் பலமாகப் பையர் முன் வைத்திருக்கிறீர்களா, அல்லது சாயக் கூலி பில்லில் ஒரு கூடுதல் தொகையாக மட்டும் பார்க்கிறீர்களா?

படிக்கும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் 1990ஆம் ஆண்டுக் கட்டுரையை மூலத்திலேயே படியுங்கள், பின் பாதியைக் குறிப்பாக. அடுத்து 2006ஆம் ஆண்டுக் கட்டுரை. 2004ஆம் ஆண்டு நூலின் முன்பகுதியைக் கர்னானியின் மறுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அரவிந்த் பகுதியைத் தனியாக, அவசரமில்லாமல் படியுங்கள். முடிந்தால் அதைப் பேராசிரியருக்கும் கொடுங்கள், கர்னானியின் கட்டுரையைப் பெரியப்பாவுக்கு.

அன்புடன்.